ஈடுபாடும் மதிப்பெண்ணும்

ஈடுபாடு என்பது உள்ளத்தைப் பற்றிய சொல். ஒருவர் இசையில் ஈடுபாடுடையவர் என்று நாம் கூறும்போது, அவர் கச்சேரிக்கு எத்தனை முறை நுழைவுச்சீட்டு வாங்கினார் என்பதை எண்ணிக் கூறுவதில்லை. பாட்டு முடிந்து வீடு திரும்பிய பின்னும் அவர் நெஞ்சில் அது ஒலித்துக்கொண்டிருக்கும் என்பதையே கருதுகிறோம். இச்சொல் அண்மைக் காலத்தில் பள்ளி அறிக்கைகளுள் புகுந்து புதுப்பொருள் ஒன்று பெற்றுள்ளது. மாணவர் இணையவழிக் கற்றல் தளத்துள் எத்தனை முறை நுழைந்தார், எத்தனை மணித்துளி இருந்தார், எத்தனை பக்கங்களைத் திறந்தார், எத்தனை பயிற்சிகளை அனுப்பினார் என்னும் எண்களின் தொகையே இன்று ஈடுபாடு எனப்படுகிறது. அத்தொகை உயர்ந்தால் தேர்வு மதிப்பெண்ணும் உயரும் என்பது அதனை ஒட்டி வரும் கூற்று.

தளங்களை விற்போர் இவ்வாறு கூறுதல் இயல்பே. கல்வித்துறையாளரும் பெற்றோரும், சில வேளைகளில் ஆசிரியராகிய நாமும், இக்கூற்றை ஆராயாமல் ஏற்றுக்கொள்வதுதான் கவலைக்குரியது. இதில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்விடத்தில் இது வழுவுகிறது, தமிழ் கற்பிப்போர்க்கு இதனால் விளைவது யாது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

தளம் வந்த வழி

சிங்கப்பூரில் தமிழும் கணினியும் நேற்றுச் சந்தித்தவை அல்ல. 1995ஆம் ஆண்டிலேயே, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக விளங்கிய நா. கோவிந்தசாமியும் அவரோடு உழைத்தோரும் தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினர். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடிற்று. அதே ஆண்டில்தான் கல்வி அமைச்சும் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கான தன் முதற் பெருந்திட்டத்தை வெளியிட்டது.

பின்னர் 2018இல் 'எஸ்எல்எஸ்' எனச் சுருக்கமாக வழங்கும் மாணவர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் திறக்கப்பட்டது. தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக் கல்லூரி வரை எல்லா மாணவரும் ஒரே தளத்தில் பாடங்களைக் காணவும் பயிற்சி செய்யவும் வழி பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொள்ளைநோய் வந்தது. 2020 ஏப்ரல் 8ஆம் நாள் முதல் மே 4ஆம் நாள் வரை நாட்டிலுள்ள மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தபடியே கற்றனர். கருவி இல்லாத வீடுகளுக்குப் பள்ளிகள் ஏறத்தாழ 20,000 கணினிகளையும் கைக்கணினிகளையும் இரவலாக வழங்கின. 2028ஆம் ஆண்டளவில் நிறைவெய்தும் என்று வகுக்கப்பட்டிருந்த திட்டம் விரைவுபடுத்தப்பட்டு, 2021 முடிவதற்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் சொந்தக் கற்றல் கருவி சேர்ந்தது. அவ்வாண்டு முதல், உயர்நிலை மாணவர்க்கு மாதத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்கும் நாளாகவும் அமைந்தது.

ஆகவே, தளம் வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு இங்கே முடிந்துவிட்டது. தளத்தில் நிகழ்வதை நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோம் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

கண்ணுக்குத் தெரியும் ஈடுபாடும் தெரியாத ஈடுபாடும்

மாணவர் ஈடுபாட்டைப் பற்றிப் பலர் எழுதியவற்றைத் தொகுத்து, பிரெட்ரிக்ஸ், புளூமன்பெல்டு, பாரிஸ் என்னும் மூவர் 2004இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் ஈடுபாட்டை மூன்றாகப் பகுத்தனர். வருகை, பணிகளை முடித்தல் முதலியன செயல்வழி ஈடுபாடு. விருப்பம், சலிப்பு, அச்சம், ஆசிரியர்பால் அன்பு முதலியன உணர்வுவழி ஈடுபாடு. கடினமானதைப் புரிந்துகொள்ள அறிவை முயன்று செலுத்துதல் அறிவுவழி ஈடுபாடு. பின்வந்த ஆய்வாளர் பலரும் இப்பகுப்பைத் தழுவியே எழுதினர்.

இம்மூன்றனுள் தளத்தின் கணக்குப்பொறி காண்பது முதலாவதை மட்டுமே. அதையும் முழுதாகக் காண்பதில்லை. திரையைத் திறந்துவைத்துவிட்டு உணவு மேசைக்குச் சென்ற மாணவரும், அதே திரைமுன் ஒரு சொல்லின் பொருளைப் பத்து மணித்துளி எண்ணிப் பார்த்த மாணவரும் கணக்கேட்டில் ஒரே எண்ணாகப் பதிகின்றனர். நான்கு விடைகளுள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சரியானதை அடைந்தவர் மிகுந்த ஊக்கமுடையவராகத் தோன்றுகிறார். பாடத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கருவியை மூடிவிட்டுப் பாட்டியிடம் கதையாகச் சொல்லிப் பார்த்தவரோ ஈடுபாடு குன்றியவராகிவிடுகிறார். அண்ணனும் தங்கையும் ஒரே கருவியை மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டில், குறைந்த மணித்துளி என்பது வறுமையின் அளவே. அதனை ஊக்கத்தின் அளவாகக் கொள்ளுதல் முறையன்று.

தமிழாசிரியர் பெருமக்களுக்கு இப்பகுப்புப் புதியதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமை கூறி மூன்று தரமாக வகுத்துள்ளமையை அனைவரும் பாடம் சொல்லியிருக்கிறோம். அவருள் ஆடு போல்பவர், ஒரு செடியிலும் நிறைய மேயாமல் இலைக்கு இலை தாவுபவர். இன்றைய கணக்குப்பொறி இவரைக் கண்டால் மிகப் பெரிய ஈடுபாடுடையவர் என்றே சான்றிதழ் வழங்கும். அத்தனை பக்கங்களைத் திறந்திருப்பார் அல்லரோ! நல்லதை விட்டுக் கழிவை நிறுத்திக்கொள்ளும் நெய்யரி போல்பவரும் பாடம் முழுவதையும் தவறாமல் பார்த்தவராகவே கணக்கில் நிற்பார். பசு போல்பவரோ வேண்டியமட்டும் மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவார். அசைபோடும் நேரத்தில் அவர் எதையும் தொடுவதில்லை. ஆதலின், பொறியின் ஏட்டில் அந்நேரம் வெறுமையாகவே இருக்கும்.

காரணம் எது? காரியம் எது?

தளத்தில் மிகுதியாகப் புழங்குவோர் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் பெறுகின்றனர் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவே என்று சிலர் வினவலாம். காட்டியிருப்பது மெய்யே. ஆயினும், இரண்டு பொருள்கள் சேர்ந்து நிற்பதனாலேயே ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று முடிவு செய்தல் ஆகாது. இயல்பாகவே முயற்சியுடைய மாணவர் தளத்தையும் ஒழுங்காகப் பயன்படுத்துவார். தேர்வையும் ஒழுங்காக எழுதுவார். மழை நாளில் குடைகளும் மிகுதி, தெருவில் நீரும் மிகுதி. குடையால் மழை வந்தது என்று எவரும் கூறார்.

மேலும், இவ்வுறவு எல்லாப் பாடங்களிலும் ஒருபடித்தாகவும் இல்லை. ஆசுதிரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 9 பாடங்களைக் கற்ற நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் தளப் பதிவுகளைக் காசெவிச்சும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். எல்லாப் பாடங்களையும் ஒன்றாகக் கலந்து பார்த்தபோது சில செயல்கள் மதிப்பெண்ணை முன்னறிவிப்பனவாகத் தோன்றின. பாடங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோதோ, ஒரு பாடத்தில் பயன்பட்ட குறி மற்றொரு பாடத்தில் பயன்படவில்லை. ஆசிரியர் தளத்தை எதற்காகப் பயன்படுத்தினார் என்பதைப் பொறுத்தே அக்குறியின் பொருள் அமைந்தது. கணிதத்திற்கு அமைந்த அளவுகோலைக் கொண்டு தமிழ் வகுப்பை அளப்பது, துணிக்கோலால் பாலை அளப்பது போன்றதே.

அற்றேல், தளத்தால் பயனே இல்லையோ? அவ்வாறு கூறுதலும் பிழையே. தில்லியில் 2015இல் நடந்த ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெகாந்திரோ கணிமியன் ஆகியோர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் பயின்ற 619 மாணவரைச் சேர்த்துக்கொண்டு, அவருள் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, மைண்டுஸ்பார்க் என்னும் கணினிவழிப் பயிற்சி நிலையங்களில் கட்டணமின்றிச் சேர்த்தனர். குலுக்கல் ஆதலால் ஊக்கமுடையவர் ஒருபுறமும் ஊக்கமற்றவர் ஒருபுறமும் என்னும் ஐயத்திற்கு இடமில்லை. ஏறத்தாழ நான்கரை மாதங்களில், இடம் பெற்றவர்கள் இடம் பெறாதவர்களைக் காட்டிலும் கணிதத்திலும் இந்தி மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தனர். முன்பே பின்தங்கியிருந்தவர்க்கு அது பெருந்துணையாயிற்று.

இவ்வெற்றியின் காரணங்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். அந்நிலையத்தில் பிள்ளையின் வகுப்பு எதுவாயினும், அவர் உண்மையில் எந்த நிலையில் நிற்கிறாரோ அந்நிலையிலிருந்தே கணினி பாடத்தைத் தொடங்கிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கே தெரியாதெனின் அங்கிருந்தே தொடங்கிற்று. பிள்ளைகள் ஓரிடத்தில் வந்து கூடினர். பயிற்சி நேரத்தில் ஏறத்தாழப் பாதி கணினியோடும், மற்றப் பாதி ஆசிரியர் ஒருவரோடு சிறு குழுவிலும் கழிந்தது. தளமும் ஆளும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது.

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. கணிதத்தில் அத்துணை முன்னேறிய பிள்ளைகளின் பள்ளித்தேர்வு மதிப்பெண்ணில் அம்முன்னேற்றம் தெளிவாகப் புலப்படவில்லை. என்னை? பள்ளித்தேர்வு ஏழாம் வகுப்புப் பாடத்தைக் கேட்டது. பிள்ளையோ மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு ஏறியிருந்தார். உண்மையான கல்வி நிகழ்ந்தும் மதிப்பெண் அசையவில்லை. ஆகவே, கோவையின் ஒரு முனையாகிய ஈடுபாட்டை மட்டுமன்றி, மறு முனையாகிய மதிப்பெண்ணையும் நாம் ஐயுற்றே நோக்குதல் தகும்.

பார்த்தலும் செய்தலும்

தளத்தில் நிகழும் செயல்கள் எல்லாம் ஒரே எடையுடையன அல்ல. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக் கொடிங்கரும் அவருடைய துணைவரும், உளவியல் பாடம் ஒன்றை இணையத்தில் பயின்றோரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பயிற்சிகளைச் செய்ததற்கும் கற்ற அளவுக்கும் இருந்த தொடர்பு, ஒளிக்காட்சிகளைப் பார்த்ததற்கும் பாடங்களைப் படித்ததற்கும் இருந்த தொடர்பைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. மாணவருள் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து மணித்துளி கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முந்தினர். அவர்கள் நினைவில் 83 விழுக்காடும், பாராமல் எழுதியவர்கள் நினைவில் 71 விழுக்காடும் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. நான்கு தடவை படித்தவர்கள் நினைவில் எஞ்சியது 40 விழுக்காடு. பாராமல் எழுதியவர்கள் நினைவில் நின்றது 61 விழுக்காடு.

இச்சோதனையை ஒரு கற்றல் தளத்தில் நடத்தியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கத்தை நான்கு முறை திறந்தவரைக் கணக்குப்பொறி புகழும். ஒரு முறை திறந்து மூடியவரைப் பற்றி ஆசிரியர்க்கு எச்சரிக்கை அனுப்பும். ஒரு வாரம் சென்றபின் யாருக்குப் பாடம் தெரியும் என்பதோ நேர்மாறாக அமையும்.

ஆயினும், ஒரு திறத்தில் இக்கணக்கு மிகவும் பயன்படும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஒரு மாணவர் இரண்டு வாரமாகத் தளத்தின் பக்கமே வரவில்லை என்று பொறி அறிவித்தால், அது புறக்கணிக்கத் தக்கதன்று. வீட்டில் நோயோ, கருவியில் பழுதோ, மனத்தில் சோர்வோ இருக்கலாம். ஆசிரியர் தொலைபேசியை எடுத்து வீட்டாரோடு பேசவேண்டிய வேளை அது. வாராமையைக் காட்டும் விளக்காக இக்கணக்கு நன்று. வந்தவர் கற்றாரா என்பதைக் காட்டும் விளக்கு அதுவன்று.

அளவு பற்றியும் ஒரு சொல். பொருளியல் ஒத்துழைப்பு மேம்பாட்டு நிறுவனம் 2022இல் 15 வயது மாணவரிடை நடத்திய பீசா மதிப்பீட்டில் சிங்கப்பூர் கணிதம், படித்தல், அறிவியல் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றது. அம்மதிப்பீட்டின்படி, அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகளில், பள்ளியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை கற்றலுக்காகக் கருவியைப் பயன்படுத்தியவர், சிறிதும் பயன்படுத்தாதவரைவிடக் கணிதத்தில் சராசரியாக 14 புள்ளி மிகுதியாகப் பெற்றனர். கணித வகுப்பில் அருகிலிருப்போர் கருவிகளால் தம் கவனம் சிதறுகிறது என்று கூறியவரோ சராசரியாக 15 புள்ளி குறைவாகப் பெற்றனர். இவையும் சேர்ந்து நிற்கும் எண்களே. காரணம் காட்டும் எண்கள் அல்ல. ஒரே கருவி ஒரே வகுப்பில் இரு திசைகளிலும் இழுக்க வல்லது என்பதை மட்டும் இவற்றால் அறியலாம்.

நன்னூலார் வகுத்த நான்கு பங்கு

இனி, மேற்கூறியவற்றைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டு நோக்குவோம். பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்தில் பவணந்தியார் ஒரு கணக்கு வைக்கிறார். ஆசிரியர் உரைத்ததை மாணவர் எவ்வளவுதான் பொருந்தக் கேட்டுக்கொண்டாலும், அதனால் அவர் அடைவது புலமையில் கால் பங்கே. உடன் பயிலும் மாணவரோடு கலந்து பழகுதலால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய இரண்டு கால் பங்கும், தாம் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதனால் வந்து நிறையும்.

நன்னூலார் கணினியை முன்னரே கண்டு கூறினார் என்று பெருமை பேசுதல் நகைப்பிற்கே இடமாகும். அவர் கால் பங்கு என்றது ஆய்வுக்கூடத்தில் அளந்ததும் அன்று. பலகாலம் பாடம் சொன்ன ஒருவரின் பட்டறிவு அது. எனினும், அப்பட்டறிவு இக்காலச் சோதனைகளோடு ஒத்துச் செல்வது சிந்திக்கத் தக்கது. பார்த்தலினும் செய்தல் வலிது என்று கொடிங்கர் கண்டதும், படித்தலினும் பாராமல் எடுத்துரைத்தல் வலிது என்று ரோடிகர் கண்டதும், கேட்டல் கால் பங்கு, உரைத்தல் அரைப் பங்கு என்னும் பகுப்போடு முரண்படவில்லை.

இப்பகுப்பைத் தளத்தின்மேல் வைத்துப் பார்த்தால் குறை எளிதில் விளங்கும். ஒளிக்காட்சி பார்த்தல், பக்கம் திறத்தல், நான்கு விடையுள் ஒன்றைத் தொடுதல் ஆகிய இன்று மிகுதியாக எண்ணப்படும் செயல்கள் எல்லாம் முதற் கால் பங்கைச் சேர்ந்தவை. இரண்டாவது கால் பங்காகிய உடன்மாணவரோடு பயிலுதல் தளத்தில் ஓரளவே நிகழ்கிறது. எடுத்துரைத்தலாகிய அரைப் பங்கோ அரிதாகவே கேட்கப்படுகிறது. கால் பங்கை முழுமை என்று எண்ணி அதனை மதிப்பெண்ணோடு பொருத்த முயன்றால், பொருத்தம் தளர்ந்து நிற்பதில் வியப்பென்ன?

தமிழ் வகுப்பில் இஃது ஏன் பெரிது

மற்றைப் பாடங்களுக்கு இக்குறை ஒரு மடங்கு என்றால், சிங்கப்பூரில் தமிழுக்கு இது பன்மடங்கு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். 2010இல் இது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்; பத்தாண்டுகளுக்குமுன் அவர் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தனர். கணிதத்தைப் பள்ளியில் கற்கும் பிள்ளை அதனை மறக்குமாறு வீடு செய்வதில்லை. தமிழை ஒரு மணி நேரம் கற்று வீடு திரும்பும் பிள்ளைக்கோ, அதனை எடுத்துரைக்க எதிரில் ஆளில்லாமற் போகிறது.

ஜாலான் புசார் வட்டாரத்தில், முதல் உலகப்போர்க் காலத் தளபதியரின் பெயர் தாங்கிய தெருக்களின் நடுவே பீட்டி சாலை உள்ளது. அங்கேதான் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அமைந்திருக்கிறது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் பெருமக்கள் தொடங்கி, பின்னர் உயர்நிலை வகுப்புகளும் கண்டு, 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியின் பெயர் 1983இல் தோன்றிய அந்நிலையத்தில் நிலைபெற்றது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு நடைபெறாத உயர்நிலை மாணவர், பள்ளி முடிந்தபின் பயணம் செய்து தமிழ் கற்பதற்கென அமைந்த நிலையம் அது. அதன் அருகிலேயே, 1991 முதல் இந்தியப் பிள்ளைகளின் கல்விக்குத் துணைபுரிந்துவரும் சிண்டா அமைப்பின் அலுவலகமும் இருக்கிறது.

பள்ளி நாளின் களைப்போடு பேருந்தும் தொடர்வண்டியும் மாறி ஒரு மாணவர் அவ்வாறு தமிழ் வகுப்புக்கு வருவதை எந்தத் தளம் எண்ணிக் காட்டும்? அங்கே வெவ்வேறு பள்ளிகளின் சீருடையில் வந்து கூடும் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் தமிழில் பேசிக்கொள்ளும் வாய்ப்பே நன்னூலார் கூறிய இரண்டாவது கால் பங்கு. தமிழ் பேசும் தோழர் தம் பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு அது கிடைத்தற்கரிய பங்கு.

இதனைத் தமிழகத்தின் பட்டறிவோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். கொள்ளைநோயால் அங்கே பள்ளிகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தன. அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரை ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில், முன்னிருந்த அதே வயதுப் பிள்ளைகளைவிட அவர்கள் கணிதத்தில் மிகவும் பின்தங்கியிருந்தனர். தமிழில் ஏற்பட்ட பின்னடைவு அதில் ஏறத்தாழப் பாதியே. வீடும் தெருவும் கடையும் தமிழ் பேசும் ஊரில், பள்ளி மூடியபோதும் மொழி முற்றும் மூடிவிடவில்லை என்று நாம் கொள்ளலாம். பள்ளிகள் திறந்தபின் ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது என்றும் அவ்வாய்வு கூறுகிறது. அத்திட்டத்தின் கருவி யாது? அதே தெருவில் வாழும் தன்னார்வலர் ஒருவர் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசியதும் படிக்கவைத்ததுமே.

சிங்கப்பூரில் தெருவும் கடையும் அத்துணை தமிழ் பேசுவதில்லை. ஜாலான் புசாரிலிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தால் தமிழ் காதில் விழும். ஈசூனிலோ ஜூரோங்கிலோ அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளைக்கு அது நாள்தோறும் கிடைக்காது. ஆதலின், இங்கே வகுப்பில் எடுத்துரைக்கும் வாய்ப்பு நழுவினால், அதனை ஈடுசெய்யும் இடம் வேறில்லை. தமிழ் வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சியைக் கண்டு உரையாடும் பகுதி உண்டு. அங்கே மாணவர் வாய் திறந்து பேசவேண்டும்; பல நாள் திரையைத் தொட்டுப் பழகிய விரல் அவ்விடத்தில் துணை வராது.

எண்ணுதல் மலிவு, கேட்டல் அரிது

தொடுதல்களின் தொகை ஏன் ஈடுபாடு என்னும் பெயரைப் பெற்றது? அதனைத் திரட்ட எவரும் நேரம் செலவிடவேண்டுவதில்லை என்பதே முதன்மைக் காரணம் என்று தோன்றுகிறது. பொறி தானே எண்ணும். தானே வரைபடம் வரையும். மாணவர் உரைத்ததைக் கேட்பதற்கோ ஓர் ஆசிரியர் வேண்டும். 30 மாணவர் தலைக்கு இரண்டு மணித்துளி பேசிப் பதிவு செய்தால், கேட்பதற்கே ஒரு மணி நேரம் ஆகும். திருத்தம் கூற மேலும் ஒரு மணி ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கித் தராமல், ஈடுபாட்டை உயர்த்துக என்று மட்டும் ஆசிரியரிடம் கூறினால், அவர் எளிதில் உயர்வதையே உயர்த்துவார். ஓர் அளவையே இலக்காக்கினால் அவ்வளவு தன் நம்பகத்தை இழக்கும் என்பதை ஆங்கிலப் பொருளியலறிஞர் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிக் கூறினார். அது பள்ளிக்கும் பொருந்தும்.

ஆகவே, தமிழாசிரியர் பெருமக்கள் கருதத்தக்கன சில உண்டு. வீட்டிலிருந்து கற்கும் நாளில் தரும் பணி, பார்த்து விடை தொடுவதோடு முடிதல் ஆகாது. மாணவர் காட்சியைக் கண்டபின் அதனை மூடிவிட்டு, தம் சொற்களில் பேசிப் பதிவு செய்யுமாறு அமைதல் வேண்டும். பதிவு பிழை மலிந்திருப்பினும் தாழ்வில்லை. வகுப்பில் எழுந்து பேச நாணும் பிள்ளை தனியே பேசிப் பழக இஃது ஒரு நல்வாய்ப்பு. இத்துறையில் தளத்தின் துணை பெரிது என்பதைப் பாராட்டியே ஆகவேண்டும். அடுத்த வகுப்பில் அப்பிள்ளை அதனையே தோழர் ஒருவர்க்கு விளக்கிக் கூறட்டும். எல்லாப் பதிவையும் ஒவ்வொரு முறையும் கேட்டல் அரிதெனின், முறைவைத்து வாரத்திற்குப் பத்துப் பேரைக் கேட்டாலும் ஒரு மாதத்தில் வகுப்பு முழுவதையும் கேட்டுவிடலாம்.

பள்ளித் தலைவர்களிடம் வேண்டுவது ஒன்றே. ஈடுபாட்டு அறிக்கை கேட்கும்போது, நுழைந்த தடவைக்கும் இருந்த மணித்துளிக்கும் பக்கத்தில், மாணவர் எதனைத் துணையின்றி எடுத்துரைத்தார் என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். அதனை நிரப்புதற்கு வேண்டிய நேரத்தையும் கால அட்டவணையில் வையுங்கள். நேரம் தாராமல் கட்டம் மட்டும் வைத்தால், அதுவும் மற்றோர் எண்ணாகவே முடியும்.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. பிள்ளை எத்தனை மணி நேரம் திரைமுன் இருந்தது என்று கேட்பதை விடுத்து, இன்று பள்ளியில் என்ன தமிழ்ப் பாடம், எனக்குச் சொல் என்று கேட்கலாம். தமக்குத் தமிழ் சரளமாக வாராதெனின் இன்னும் நன்று. தெரியாதவர்க்கு விளக்குதலே பிள்ளைக்குத் தெளிந்த பயிற்சியாகும். நன்னூலார் கணக்கில் பாதியளவாகிய அப்பங்கைப் பெறுவதற்குக் கருவியும் வேண்டா, கடவுச்சொல்லும் வேண்டா; கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும்.